தெரியும் என்ற ஒரு சொல்

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் திருத்தி முடிந்த மறுநாள் எங்கள் பள்ளியில் தத்துக் கொடுக்கும் நாள். பத்தாம் வகுப்பில் தேறமாட்டார்கள் என்று தோன்றும் பெண்களை ஆசிரியைகள் ஆளுக்குச் சிலராகப் பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டும். பொதுத்தேர்வு முடியும்வரை அவர்களைப் படிக்கவைப்பது தத்தெடுத்தவரின் பொறுப்பு. பெற்றோர் கூட்டத்தில் சொல்லும்போது கேட்க நன்றாக இருக்கும். நடந்த விதம் வேறு.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பெண்களை ஆசிரியர் அறைச் சுவரோரம் வரிசையாக நிற்கவைப்பார்கள். ஆசிரியைகள் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டும் ஆரஞ்சுச் சுளை உரித்துக்கொண்டும் பேரம் பேசுவார்கள்.

“இவ அக்காவையே நான்தான் தள்ளிவிட்டேன். குடும்பத்துக்கே நான் எழுதிக் குடுத்திருக்கேனா?”

“இந்த ரெண்டையும் நீங்க எடுத்துக்குங்க மிஸ். கூட இந்தக் கண்ணாடிக்காரியையும் தரேன். அவ எப்படியும் பாஸாயிடுவா.”

“இங்கிலீஷ்ல மட்டும் போனதுங்க எனக்கு வேணும். கணக்குல போனது வேண்டாம். அது தேறாது.”

எல்லாம் அந்தப் பெண்களின் காதில் விழும்படிதான். பழகிப்போன பெண்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

நான் ஆசிரியை இல்லை. ஓர் அறக்கட்டளை, பம்மலில் இருந்த அந்த உதவி பெறும் பெண்கள் பள்ளிக்கு என்னைச் சமூகப் பணியாளராக அனுப்பியிருந்தது. வராத பெண் ஏன் வரவில்லை என்று வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, திரும்ப வரவைப்பது, வந்தவளை நிலைக்கவைப்பது என் வேலை. ஆய்வகத்தின் மூலையில் அமில பாட்டில்களுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மேசை. பெண்கள் என்னை ‘வூட்டு மிஸ்’ என்பார்கள். தெருமுனையில் என் குடை தெரிந்தால் போதும், ‘ஏய், வூட்டு மிஸ்ஸு வருது’ என்று ஒரு குரல் ஓடி முன்னால் போய்விடும்.

அந்த வருடம் பேரம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது சுவரோரம் ஒருத்தி மிஞ்சினாள். நெடுநெடுவென்று உயரம். நீளமான ஒற்றைப் பின்னல். சிரித்துக்கொண்டு நின்றாள்.

“இத்தனை பேர் வேண்டாங்கறோம், சிரிக்கிறா பாருங்க” என்றார் கணக்கு ஆசிரியை.

“அழுதா எடுத்துப்பீங்களா மிஸ்?” என்று கேட்டாள் அவள்.

அறையே சிரித்தது. யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. தலைமையாசிரியை என் பக்கம் திரும்பி, “நீங்க திரும்பக் கூட்டிட்டு வந்த ஆளுதானே, நீங்களே வெச்சுக்குங்க. ஜனவரி டெஸ்ட்ல பாஸ் பண்ணலைன்னா டி.சி. வாங்கிட்டுப் போய் பிரைவேட்டா எழுதிக்கட்டும். நம்ம ரிசல்ட்டைக் கெடுக்க வேண்டாம்” என்றார். எல்லாப் பெண்களையும் தேறவைத்த பள்ளி என்று வாசலில் ஒரு பலகை மாட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. தேறாதவர்களை முன்கூட்டியே அனுப்பிவிடுவது அதற்கான சுருக்கு வழி. சுற்றுவட்டாரத்தில் பல பள்ளிகள் அப்போது செய்ததுதான்.

அவளுக்குத் தேர்ச்சி எதற்கு வேண்டும் என்பதை அவளே ஆய்வகத்தில் எனக்குச் சொன்னாள். அவள் அப்பா தோல் கம்பெனியில், தோலைப் பதப்படுத்தும் பெரிய டிரம்மை ஓட்டுபவர். அம்மா தோல் கையுறை தைக்கும் கம்பெனியில் பிசிறு வெட்டுபவர்.

“தாம்பரம் சானடோரியத்துல துணி எக்ஸ்போர்ட் கம்பெனில டென்த் பாஸுன்னா செக்கிங்ல போடுவாங்க மிஸ். ஃபேன் கீழ உக்காந்துகினு துணிய பாத்துகினே இருக்கலாம். பெயிலுன்னா அங்க உள்ளயே வுட மாட்டாங்க. அப்புறம் அம்மா கூட தோலுதான். அந்த வாசன போகவே போகாது மிஸ். மல்லிப்பூ வெச்சாலும் மல்லிப்பூ வெச்ச தோலு மாதிரி கீது.”

கணக்கு அவளுக்கு வராமல் இல்லை. படிக்க நேரம் இல்லை. பள்ளி விட்டுப் போனதும் தண்ணீர், சமையல், தம்பிகள். இரவு அப்பா வந்தபின் விளக்கு எரியக்கூடாது. மிச்சம் இருந்தது விடியற்காலை மட்டும்தான். அவளால் தானாக எழுந்திருக்க முடியாது.

இதற்கும் தலைமையாசிரியையிடம் ஒரு முறை இருந்தது. தத்தெடுத்தவர் விடியற்காலையில் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். எழுந்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாகப் பெண் திரும்ப ஒரு ரிங் கொடுப்பாள். அதை எடுக்காமல் கட் செய்ய வேண்டும். பேசினால் காசு. செல்போன் எல்லோர் கைக்கும் வந்துகொண்டிருந்த காலம். ஒரு ரிங்கிலேயே ஊர் பாதி விஷயத்தைப் பேசிக்கொண்டது.

அவள் வீட்டில் இருந்தது அப்பாவின் போன் ஒன்றுதான். அதை யாரும் தொடக்கூடாது. அதனால் நான் முதலில் அவள் அம்மாவைப் பார்த்தேன். கையுறைக் கம்பெனி வாசலில், சாப்பாட்டு இடைவேளையில். விவரம் முழுவதையும் சொன்னேன். அவர் யோசித்தார்.

“அவரு ஒத்துக்க மாட்டாரு மிஸ். ஒம்பதாவதே போதும்னுகினு கீறாரு. நீங்க போடுங்க. அவரு தூங்கினா இடி வுழுந்தாலும் எழுந்துக்க மாட்டாரு. போன எடுத்து பொண்ணு தலமாட்டுல வெச்சிடறேன்.”

அப்படியே நடந்தது. போனை அதிர்வில் வைத்து மகளின் தலையணைக்கு அடியில் செருகியது அம்மாதான். காலையில் எழுதிப் படித்து முடித்ததும் அழைப்புப் பதிவை அழித்துவிட்டுப் போனைப் பழைய இடத்தில் வைப்பது மகளின் வேலை. போனைத் தொட்டது தெரிந்தால் அடி விழும் என்பதால் அழித்தாள். ஜனவரித் தேர்வில் கணக்கு உட்பட எல்லாப் பாடங்களிலும் தேறினாள். விடைத்தாளைக் கொடுக்கும்போது கணக்கு ஆசிரியை என்னிடம், “பரவாயில்லையே, இப்ப வேணும்னா நான் எடுத்துக்கறேன். என்கிட்ட இருக்கறதுல ஒண்ணு உங்களுக்குத் தரேன்” என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள், வழக்கம்போல ரிங் கொடுத்து வைத்தேன். திரும்ப ரிங் வந்தது. கட் செய்தேன். மறுபடியும் வந்தது. இன்றைக்கு உற்சாகமாக இருக்கிறாள் போல என்று நினைத்து மறுபடியும் கட் செய்தேன். அதன் பிறகு வரவில்லை.

அன்று அவள் பள்ளிக்கு வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் குடையை எடுத்துக்கொண்டு போனேன்.

தெருமுனைக் குழாயடியில் விசாரித்தேன். குடத்தை நிமிர்த்திக்கொண்டிருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார். “யாரு, அந்த போன் பொண்ணா? போய்ப் பாருங்க, ஷோக்கா மொட்ட போட்டு வெச்சிருக்கான் அப்பன்.”

மொட்டை இல்லை. அதைவிட மோசம். பின்னலைக் கழுத்தோடு வெட்டியிருந்தார்கள். தோல் வெட்டும் கத்தரி. ஒரு பக்கம் காதுவரை, ஒரு பக்கம் கழுத்துவரை. இடது கண் வீங்கி மூடியிருந்தது. வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் முறத்தைத் தூக்கி முகத்தை மறைத்தாள். பிறகு, மறைத்து என்ன என்று தோன்றியதோ என்னவோ, கீழே இறக்கினாள்.

அப்பா உள்ளே இருந்து வந்தார். காய்ச்சல் என்று சில நாட்களாக வேலைக்குப் போகாமல் இருந்தவர். இருமலில் தூக்கம் வராமல் படுத்திருந்தபோது மகளின் தலையணைக்கு அடியில் போன் அதிர்ந்திருக்கிறது. மகள் எழவில்லை. அவர் எடுப்பதற்குள் நின்றுவிட்டது. தெரியாத எண்.

“திருப்பிப் போட்டேன். கட் பண்றான். மறுபடி போட்டேன். மறுபடி கட் பண்றான். யாருடி இவன்னு கேட்டா, மிஸ்ஸுங்கறா. எந்த மிஸ்ஸு விடிகாலைல பொட்டப் புள்ளைக்கு ரிங் வுட்டுட்டு, போட்டா கட் பண்ணும்? இத்தினி நாளா அழிச்சிகினே வந்துகீறா. மிஸ்ஸுன்னா எதுக்கு அழிக்கணும்?”

அவர் தரப்பிலிருந்து பார்த்தால் பிழையே இல்லாத கணக்கு.

“கட் பண்ணது நான்தான்” என்றேன். “இப்பவே போட்டுப் பாருங்க.”

அவர் தன் போனை எடுத்து அந்த எண்ணை அழுத்தினார். என் கைப்பைக்குள் மணி அடித்தது. முடிந்துவிட்டது, நாளைக்கே பள்ளிக்கு அழைத்துப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. யாரோ ஒரு பையன், “மச்சான், மாப்ள சேல கட்டிகினு வந்துகிறாரு டோய்!” என்றான். கூட்டம் குலுங்கிச் சிரித்தது.

அந்தச் சிரிப்புதான் அவளைக் கெடுத்தது. அப்பாவின் முகம் மாறியது.

“இப்ப இன்னான்ற? எம் பொண்ணு ஓடுகாலின்னு நானே தெருவுல நின்னு கத்திட்டேன். முடிய வெட்டிட்டேன். இப்ப இல்ல, டீச்சரம்மாதான்னு சொல்லி நான் லூசுன்னு பேர் வாங்கணுமா? அத வுடு. எங் வூட்டுப் போனுக்கு யாரக் கேட்டு ரிங் வுட்ட?”

அம்மா அடுப்படிக் கதவோரம் நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். புடவைத் தலைப்பின் நுனி வாயில் இருந்தது.

நான் பதில் சொல்ல வாய் திறந்தேன். மகள் முந்திக்கொண்டாள்.

“நான்தாம்பா நம்பர் குடுத்தேன். யாரையும் கேக்கல.”

அப்பா அவள் முதுகில் ஓங்கி ஓர் உதை விட்டார். முறத்தில் இருந்த அரிசி வாசல் முழுக்கச் சிதறியது. அம்மா வந்து குனிந்து அரிசியை அள்ளத் தொடங்கினார். மகளைத் தூக்கவில்லை.

மறுநாள் தலைமையாசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏற்கெனவே அறிந்திருந்தார். அப்பா காலையிலேயே பள்ளிக்கு வந்து, உங்கள் மிஸ்ஸால் என் குடும்ப மானம் போயிற்று, புகார் கொடுப்பேன் என்று கத்திவிட்டுப் போயிருந்தார்.

“மிஸ்டு கால் உங்க யோசனைதான்” என்றேன்.

“பெற்றோர் அனுமதியோடன்னுதான் சொன்னேன்.”

“அம்மா அனுமதி குடுத்தாங்க.”

“அப்ப சிம்பிள். ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க. புருஷன் முன்னாடி அந்தம்மா என்கிட்ட, எனக்குத் தெரியும், நான்தான் போடச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். ஸ்கூல் மேல தப்பில்ல, பொண்ணு மேலயும் தப்பில்ல. உக்காந்து படிக்கட்டும். சொல்லலைன்னா, சாரி. அப்பன்காரன் எழுதிக் குடுத்தான்னா என் வேலை போயிடும். டி.சி. குடுத்து அனுப்பிடுவேன்.” கொஞ்சம் யோசித்து, “அந்த முடியோட பிரேயர்ல நிக்கறதும் நல்லா இருக்காது” என்றார்.

அன்று சாப்பாட்டு இடைவேளையில் கையுறைக் கம்பெனி வாசலில் அம்மாவைப் பிடித்தேன். ஒரு வார்த்தை போதும் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். மகளுக்காகச் சொல்லிவிடுவார் என்றுதான் நம்பினேன். சோற்றைப் பாதியில் மூடிவைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை முழுக்கச் சின்னச் சின்ன வெட்டுத் தழும்புகள்.

வெள்ளிக்கிழமை மூவரும் வந்தார்கள். மகள் துப்பட்டாவைத் தலையைச் சுற்றிப் போட்டிருந்தாள். தலைமையாசிரியை அப்பாவை உட்காரச் சொன்னார். அம்மாவையும் மகளையும் சொல்லவில்லை. நான் ஜன்னலோரம் நின்றேன்.

“என்னம்மா, உங்க பொண்ணுக்கு எங்க மிஸ் போன் பண்ணது உங்களுக்குத் தெரியுமா? நீங்க சரின்னு சொன்னீங்களா?”

மேலே மின்விசிறி கடகடத்தது. அப்பா திரும்பி மனைவியைப் பார்த்தார். வேறொன்றும் செய்யவில்லை, பார்த்தார். அவ்வளவுதான்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா” என்றார் அம்மா.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க பொண்ணு எழுதறதும் எழுதாததும் இதுலதான் இருக்கு.”

“தெரியாதும்மா. நான் காத்தால வேலைக்குப் போயிடுவேன்.”

“பொய் சொல்றாங்க” என்றேன். “என்கிட்ட அவங்கதான்...”

“மிஸ், வுடுங்க” என்றாள் மகள். என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. கடைக்காரர் தராசைப் பார்ப்பதுபோல் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. டி.சி. குடுத்துடுங்க மேடம்.”

தலைமையாசிரியைக்கு அது வசதியாகப் போயிற்று. டி.சி.யில் நடத்தை ‘நன்று’ என்று எழுதினார். நான் பார்க்கும்படி எழுதினார். “நான் ஒண்ணும் மனசாட்சி இல்லாதவ இல்ல” என்றார்.

வெளியே அப்பா வெற்றிலை வாங்கக் கடைக்குப் போனார். அம்மா என் பக்கம் ஓடி வந்தார். நான் அவரிடம் என்னென்னவோ கேட்டேன். எல்லாம் ஒரே கேள்விதான்.

“நான் வாயத் தொறந்திருந்தா எனக்கும் அந்தக் கத்தரிதான் மிஸ்” என்றார். “அவளுக்கு முடி வளந்துடும். நாளைக்குக் கல்யாணம் ஆயி போயிடுவா. நான் அந்தாளு கூட இங்கயேதான் கெடக்கணும். நீங்க வந்து படுத்துக்குவீங்களா எங் வூட்ல, எனக்குப் பதிலு?”

மகள் பக்கத்தில்தான் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் பள்ளி வாசலில் பலகை மாட்டினார்கள். லட்டு கொடுத்தார்கள். என் அறக்கட்டளையின் ஆண்டு அறிக்கையில், சமூகப் பணியாளரின் தலையீட்டால் அனைத்து மாணவியரும் தேர்ச்சி என்று ஒரு வரி வந்தது. அதை எழுதியவர் தாம்பரம் அலுவலகத்தில் இருந்தவர். பம்மலுக்கு வந்ததே இல்லை.

ஜூலையில் தனித்தேர்வர் விண்ணப்பம் வாங்கிக்கொண்டு கையுறைக் கம்பெனிக்குப் போனேன். அவள் அங்கே அம்மாவுக்கு அடுத்த பலகையில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். முடி சீராக வளர ஆரம்பித்திருந்தது. பணம் நான் கட்டுகிறேன், சொல்லித்தருகிறேன், இங்கேயே மதியத்தில் படிக்கலாம், மேற்பார்வையாளரிடம் பேசிவிட்டேன் என்றேன்.

“எழுதறேன் மிஸ்” என்றாள். விண்ணப்பத்தை நீட்டினேன். “அம்மா போய் எங்கப்பன் கிட்ட சொல்லட்டும். எனக்குத் தெரியும், நான்தான் போன எடுத்து வெச்சேன்னு. சொல்லிட்டா அன்னிக்கே கையெழுத்துப் போடறேன்.”

“இப்ப அது எதுக்கு? நடந்தது நடந்துபோச்சு. அப்பாவுக்குத் தெரியாமலே எழுதிடலாம்.”

“தெரியாமலே செஞ்சது போதும் மிஸ்.”

அம்மா கத்தரியை நிறுத்தாமல் வெட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். பலகைக்கும் பலகைக்கும் இடையே ஒரு முழ தூரம்கூட இல்லை.

அதன் பிறகு அம்மா என்னைத் தேடி வர ஆரம்பித்தார். பள்ளி கேட்டில், பேருந்து நிறுத்தத்தில். “நீங்க சொன்னா கேப்பா மிஸ். அவ எங்கிட்ட பேசறதே இல்ல. சோறு போட்டா துன்றா. தலவாரிவுட வந்தா எழுந்து போயிடறா. பக்கத்து பலகைல உக்காந்துகினு பகல் பூரா ஒரு பேச்சு இல்ல. அவ எழுதிட்டான்னா சரியாப்பூடும்.” நான் சொல்ல ஒன்றும் இல்லை, நீங்கள் சொல்ல வேண்டியதுதான் இருக்கிறது என்றேன். ஒவ்வொரு முறையும் அதையே சொன்னேன். எனக்குப் பதிலாக வந்து படுத்துக்கொள்வீர்களா என்று அவர் அன்று கேட்டதை எனக்கு மறக்கத் தெரியவில்லை. ஆனாலும் அதையே சொன்னேன்.

விண்ணப்பத்தின் கடைசி நாளன்று மதியம் அவர் என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போனேன். கம்பெனி வாசலில் நின்றிருந்தார். விண்ணப்பத்தை நானே நிரப்பி வைத்திருந்தேன். கையெழுத்து மட்டும் பாக்கி. மகள் உள்ளேயிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்றாள். எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் டீக்கடை பெஞ்சில் அவள் அப்பா உட்கார்ந்திருந்தார். ஷிப்டுக்கு முன்னால் அங்கே டீ குடிப்பது அவர் வழக்கம்.

“சொல்லிடறேன்” என்றார் அம்மா, யாரிடம் என்று இல்லாமல்.

சாலையில் இறங்கினார். ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. ஒதுங்கி நின்றார். அது போயிற்று. டீக்கடையில் அப்பா யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். நல்ல மனநிலையில் இருந்தார் என்றே நினைக்கிறேன். அம்மா நடுச்சாலைவரை போனார். அப்பா தலையைத் தூக்கி, “இன்னாடி, வேலய வுட்டுட்டு?” என்றார்.

“ஒண்ணும் இல்ல. சோத்துக்கு இன்னா பண்றதுன்னு கேக்க வந்தேன்.”

“கருவாட்டுக் கொழம்பு வை.”

“சரி” என்றார் அம்மா.

நான் திரும்பிக் கதவைப் பார்த்தேன். மகள் அங்கே இல்லை. உள்ளே பலகையில் கத்தரிச் சத்தம் கேட்டது. அம்மா தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு என்னைத் தாண்டிப் போய், அவளுக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்து, ஒரு கையுறையை எடுத்து வெட்ட ஆரம்பித்தார்.